முதல் மோல்டிங்

என் தம்பி வரைந்த போஸ்டர் ஒன்று எங்கள் கல்லூரியில் முதல்வர் அறைக்கு வெளியே ரொம்ப நாள் தொங்கியது. கறுப்புத் தொப்பி போட்ட ஓர் ஆள், முகம் தெரியாது, பள்ளி கேட் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பையனிடம் ஏதோ பொட்டலத்தை நீட்டுகிறான். பையனின் நிழல் மட்டும் எலும்புக்கூடாக விழுந்திருக்கும். அந்த நிழலுக்காகவே தம்பிக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். படத்தில் குறை ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் அப்படி ஓர் ஆளை நான் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் தெரு மைசூரில் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, அப்படியே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள்தான் பெரும்பாலும். அப்பா செண்ட்ரிங் மேஸ்திரி. கூரைக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. அம்மா அவருடைய ஆட்கள் செட்டிலேயே சட்டி தூக்குகிற சித்தாள். நானும் தம்பியும் படித்தது அரசுப் பள்ளியில், கன்னட வழியில். உயர்நிலைப் பள்ளியும் பி.யு.சி.யும் ஒரே வளாகம். இந்தக் கதை நடந்தபோது அவன் பத்தாவது, நான் பி.யு.சி. இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாவது. எனக்குப் பதினெட்டு ஆகியிருந்தது.

கல்லூரியில் போதை விழிப்புணர்வுச் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். உயிரியல் மேடம் அதற்குப் பொறுப்பு. என்னைத் தலைவியாக்கினார்கள். காரணம் என் அறிவு அல்ல, என் தொண்டை. மைக் வேலை செய்யாவிட்டாலும் நான் பேசுவது பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்று மேடமே சொன்னார். ஊர்வலம் போனோம். கோஷம் போட்டோம். கெட்டுப்போன ஈரல் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டினார்கள், இரண்டு பேர் மதியம் சாப்பிடவில்லை. கடைசியில் எல்லோரும் வலது கையை நீட்டி, குடிக்க மாட்டோம், புகைக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தோம். ஊர்வலத்தில் என்னைவிடச் சத்தமாகக் கத்தியவன் என் தம்பிதான்.

அது முடிந்து ஒரு வாரம் கழித்து, சங்கத்துப் பிள்ளைகள் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அந்தத் தொப்பிக்காரன் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தான். எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டேன். வீட்டிலோ தெருவிலோ குடித்துக் கெட்டுப்போன ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். அவருக்கு முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்தது யார்?

முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவன் சொன்னான், கிரிக்கெட் ஜெயித்த அன்றைக்கு டீம் கேப்டன். இன்னொருத்தி சொன்னாள், கல்யாணத்துக்கு முந்தின நாள் பெரிய மாமா. தேர் இழுத்து முடித்ததும் சித்தப்பா என்றான் ஒருவன். ஒரு பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, என் அப்பாவுக்கு என் தாத்தா என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சுற்றி வந்து கேள்வி முடிந்தபோது ஒரு கேப்டனும் நிறைய உறவுக்காரர்களும்தான் சேர்ந்திருந்தார்கள்.

"அப்போ உன் தம்பியோட தொப்பிக்காரனுக்கு வேலையே இல்லையே" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். போஸ்டரும் ஊர்வலமும் போதும், வீட்டு ஆட்களிடம் பேசுவோம் என்றேன். மேடம் நல்லவர், ஆனால் பயந்தவர். குடும்ப விஷயத்துக்குள் நுழைந்தால் யாராவது வந்து சண்டை போடுவார்கள், மாவட்டப் போட்டிக்கு இன்னும் இரண்டு போஸ்டர் வேண்டும், அதைக் கவனி என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்த இரண்டு போஸ்டருக்கும் வண்ணம் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு நான் மட்டும் பதில் சொல்லியிருக்கவில்லை. என் பதில் மாமா. அம்மாவின் ஒரே தம்பி, முன்பு அப்பாவின் செட்டில் வேலை பார்த்தவர். அவருக்கு முதல் கிளாஸை ஊற்றியது என் அப்பா.

கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளை மைசூரில் எல்லோரும் மோல்டிங் என்பார்கள். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டாது, மழைக்கு ஒழுகும். அதனால் விடிந்தது முதல் பொழுது சாய்கிற வரை ஒரே மூச்சாக ஓட வேண்டும். அன்றைக்கு வீட்டு ஓனர் செட்டுக்குக் கறிச்சோறு போட வேண்டும், வேலை முடிந்ததும் பாட்டில் வாங்கித் தர வேண்டும். இது எழுதாத ஒப்பந்தம். அன்றைக்குச் செட்டில் புதிதாகச் சேர்ந்தவன் யாராவது இருந்தால், மேஸ்திரி அவனை எல்லோருக்கும் முன்னால் கூப்பிட்டு, தன் கையால் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுப்பார். கட்டடத்தின் காலடியில் ஒரு சொட்டு விட்டுவிட்டு அவன் அதைக் குடிக்க வேண்டும். குடித்தால் அவன் செட்டு ஆள். இனி அவன் விழுந்தால் பிடிக்கப் பத்துக் கை உண்டு என்று அர்த்தம்.

அப்பா தினமும் குடிப்பவர் அல்ல. மோல்டிங் அன்றைக்கு மட்டும்தான், அதுவும் அளவாக. வீட்டில் குரல் உயர்த்தியதில்லை. தன்னைக் குடிக்கிறவன் என்று அவர் நினைத்ததே கிடையாது. மாமாவால்தான் அப்படி அளவோடு நிற்க முடியவில்லை. மோல்டிங்குக்கு மோல்டிங் குடித்தவர், அப்புறம் சம்பள நாளில் குடித்தார், அப்புறம் நாள் பார்க்கவில்லை. கை நடுங்க ஆரம்பித்ததும் அப்பாவே அவரைச் சாரத்தில் ஏற்றக் கூடாது என்று வேலையை விட்டு நிறுத்தினார். மாமா சொந்த ஊரான கோபிநத்தத்துக்குப் போய்விட்டார். அவர் பேச்சு வந்தால், "அது அவன் புத்தி" என்று அப்பா முடித்துவிடுவார். அம்மா அந்த நேரத்தில் ஏதாவது பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

தம்பிக்குப் பத்தாவது பரீட்சை முடிந்ததும் லீவுக்குச் செட்டில் சேர்த்துக்கொள்வதாக அப்பா சொல்லியிருந்தார். தெருவில் எல்லாப் பையன்களும் அப்படித்தான். தம்பிக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம். நான் அவனிடம் நேராகவே கேட்டேன்.

"மோல்டிங் முடிஞ்சா அப்பா ஊத்துவாரே, என்ன பண்ணுவ?"

"குடிக்கணும். என்ன பண்றது?"

"கை நீட்டி உறுதிமொழி எடுத்தியே, அது?"

"அது ஸ்கூல்ல. இது குடி இல்லக்கா, மோல்டிங். சும்னே தலைய பேஜார் பண்ணாத" என்றான், பாதிக் கன்னடத்தில்.

இது குடி இல்லை, மோல்டிங். மாமாவும் அன்றைக்கு இப்படித்தான் நினைத்திருப்பார். தம்பி மாமாவைப் போல ஆகிவிடுவான் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆக மாட்டான் என்றும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே. அவன் முகவெட்டு, அவன் சிரிப்பு, ஒரு விஷயம் பிடித்தால் விடாமல் அதிலேயே விழுந்து கிடக்கிற குணம் எல்லாம் மாமாவுடையது. எனக்குப் பயமாக இருந்தது. அந்த டம்ளர் அவன் கைக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

அவன் பரீட்சை முடிவதற்கு முன்பே, புது லேஅவுட்டில் அப்பாவுக்கு ஒரு மோல்டிங் வந்தது. பாட்டிலை வாங்கித் தருவது ஓனர். அப்படியானால் ஓனரிடம் சொல்லி நிறுத்திவிட்டால் விஷயம் அடியோடு முடிந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். சங்கத்திலிருந்து நாலு பேர் யூனிஃபார்மில் கிளம்பிப் போனோம். ஓனர் ஒரு பெண்மணி, ஆபீஸ் வேலை பார்க்கிறவர். நாங்கள் சொன்னதைக் கேட்டு அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் இது பிடிக்கவே இல்லை, சொன்னால் வேலையைப் பாதியில் விட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன் என்றார். பிஸ்கட் கொடுத்தார். நாங்கள் தரையில் கால் பாவாமல் திரும்பி வந்தோம்.

மோல்டிங் அன்றைக்கு நான் கல்லூரியில் இருந்தேன். நடந்ததைப் பிறகு அம்மாதான் சொன்னாள். கறி போட்டால் வாய் தானாகக் குடியைத் தேடும் என்று ஓனரம்மாவே ஒரு படி மேலே போய் யோசித்திருக்கிறார். கறிச்சோற்றையும் நிறுத்திவிட்டார். மதியம் ஆளுக்கு ஒரு புளியோகரே பொட்டலம் வந்தது, வெறும் புளிச்சோறு. விடியலிலிருந்து சட்டி மாற்றிய ஆட்கள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். வேலையை நிறுத்தவில்லை, அது அவர்கள் குணமும் இல்லை. முடிந்த பிறகு அப்பாவே பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டில் வாங்கி வந்தார். அவமானத்தில் வாங்கியதால் வழக்கத்தைவிட நிறையவே வாங்கியிருக்கிறார். ஓர் ஆள் சாக்கடைக் கல்லில் விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டார். அம்மாதான் தன் துண்டால் கட்டிவிட்டிருக்கிறாள்.

அப்பா வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"ஓனரம்மாகிட்டப் போயி என்ன புள்ள சொன்னே?"

"குடிக்கறதுக்கு வாங்கிக் குடுக்க வேண்டாம்னு சொன்னேனுங்க."

"மனுசனுக்குச் சோறும் போட வேண்டாம்னா சொன்னே?"

"அது அவங்களாப் பண்ணுனது."

"இத்தன நாளு ஓனரு வாங்கியாந்து குடுப்பாரு, நானு ஊத்துவேன். இன்னைக்கு நானே வாங்கியாந்து நானே ஊத்துனேன். உன்ற சங்கம் பண்ணுனது அவ்வளவுதான்."

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வெயிலில் வெந்தவர்களின் கறிச்சோற்றில் நான் மண் அள்ளிப் போட்டுவிட்டேனே என்று என்மேலேயே கோபம். ஆனால் படுத்துக்கொண்டு யோசித்தபோது, அப்பா தன்னை அறியாமல் எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார் என்று தெரிந்தது. பாட்டில் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியமே இல்லை. எங்கிருந்தாவது வரும். ஊற்றுகிற கைதான் முக்கியம். அந்தக் கை அப்பாவுடையது.

அடுத்த நாள் அதே மரத்தடியில், நடந்ததைச் சங்கத்தாரிடம் ஒளிக்காமல் சொன்னேன். இரண்டு பேர், இனி இந்த வேலையே வேண்டாம் என்றார்கள். போகிறவர்கள் போகலாம் என்றேன். யாரும் போகவில்லை. மேடம் எங்களுக்கு முன்பு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். முன்பின் தெரியாத ஒருவன் போதைப்பொருள் நீட்டுவான், நாம் தலையை நிமிர்த்தி, அவன் கண்ணைப் பார்த்து, வேண்டாம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். எல்லோரும் அதைப் பிரமாதமாகச் செய்வார்கள். தம்பி சொன்னால் நீட்டியவனே இரண்டடி பின்னால் போவான். அதையே கொஞ்சம் மாற்றிச் செய்து பார்ப்போம் என்றேன். நான்தான் மேஸ்திரி. சத்துணவுக் கூடத்திலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை வாங்கி வந்து அதில் குழாய் நீரைப் பிடித்துக்கொண்டேன்.

தம்பியைக் கூப்பிட்டேன். அப்பா எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே.

"வாடா சாமி. நல்லா வேல செஞ்சே. இந்தா."

அவனுடைய இரண்டு கைகளும் தானாக நீண்டன. கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி ஒரு கைக்குக் கீழே இன்னொரு கை. வாங்கியும்விட்டான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அவரவர் மாமா, சித்தப்பா, கேப்டன் எப்படிக் கூப்பிடுவார் என்று என்னிடம் சொல்லிக் கொடுத்தார்கள், நான் அப்படியே கூப்பிட்டேன். ஒருத்தராலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஒருவன் வாயைத் திறந்துவிட்டுக் கண் கலங்கிப் போய் உட்கார்ந்துகொண்டான். அன்றைக்குத்தான் எங்கள் சங்கம் உண்மையாக ஆரம்பித்தது என்று நான் நினைக்கிறேன்.

"தனியா நின்னா முடியாதுக்கா" என்றான் தம்பி, வீட்டுக்கு நடக்கும்போது. "எல்லாரும் பாத்துட்டு இருப்பாங்க. அப்பா மொகத்த எங்க கொண்டு போயி வெப்பாரு?"

"அப்ப உனக்கு வேண்டாம்னு சொல்லணும்னு இருக்குதா?"

அவன் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான். "இருந்தா மட்டும்?" என்றான்.

எனக்கு அது போதும். தனியாக நின்றால் முடியாது என்றால் கூட ஓர் ஆள் நிற்க வேண்டும். ஆனால் மோல்டிங்கில் வேலை செய்யாத யாரும் அந்த வட்டத்துக்குள் நின்று வாயைத் திறக்க முடியாது. மேஸ்திரி மகளாக இருந்தாலும் சரி, கல்லூரித் தலைவியாக இருந்தாலும் சரி. அந்த வட்டத்துக்கு ஒரே நுழைவுச் சீட்டு சட்டிதான்.

அம்மாவிடம் போய், அடுத்த மோல்டிங்குக்கு என்னையும் கூட்டிப் போ என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்பாள், ஒரு கதை சொல்ல வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை.

"பழைய துண்டு ஒண்ணு எடுத்து வெச்சுக்க. சும்மாடு கட்டாமத் தூக்குனா மண்ட போயிரும்" என்றாள்.

அப்பாவிடமும் அவளே பேசினாள். ஒரு பொம்பளை ஆள் ஊருக்குப் போய்விட்டாள், இவளுக்கும் பரீட்சை முடிந்துவிட்டது, சும்மாதானே இருக்கிறாள் என்று. புளியோகரே நாளிலிருந்து அப்பா என்னோடு சரியாகப் பேசியிருக்கவில்லை. வெயிலில் நாலு சட்டி தூக்கினால் இவளுடைய கொழுப்பு குறையும் என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்றார்.

மே மாதத்து வெயில். ஆட்கள் வந்ததும் கலவை மெஷினுக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா தேங்காய் உடைத்தார். மெஷின் ஓட ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஜல்லி, மணல், சிமெண்ட், நீர், மறுபடி ஜல்லி. நான் கீழே சித்தாள் வரிசையில் அம்மாவுக்கு அடுத்து நின்றேன். தம்பி சாரத்தின் நடுப்படியில் சட்டி வாங்கி மேலே மாற்றுகிற இடத்தில் நின்றான். முதல் ஒரு மணி நேரத்தில் என் கழுத்து எனக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. சும்மாட்டின் வழியாகச் சிமெண்ட் நீர் நெற்றியில் இறங்கிக் கண்ணை எரித்தது. அம்மா திரும்பிப் பார்க்காமலே, "இடுப்பக் குடுத்துத் தூக்கு, கழுத்தக் குடுக்காத" என்று சொல்லிக்கொண்டே போனாள். இதை அவள் எத்தனை வருஷமாகச் செய்கிறாள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மதியம் கறிச்சோறு வந்தது. நல்ல ஓனர், இலை போட்டு, தானே நின்று பரிமாறினார். இந்த முறை நான் ஓனரிடம் எதையும் சொல்லி வைத்திருக்கவில்லை. சொல்லப்போனால் அன்றைக்கு நான் சாப்பிட்ட மாதிரி அதற்கு முன்பு எப்போதும் சாப்பிட்டதில்லை. மேலே நின்று மட்டம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "பையன் நல்லா நிக்கறான்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது கீழே வரை கேட்டது. தம்பியின் காது சிவந்துவிட்டது.

வெயில் தாழ்ந்தபோது கடைசிச் சட்டி மேலே போனது. மெஷினை நிறுத்தியதும் காதில் ஒரு ரீங்காரம் மட்டும் மிச்சமிருந்தது. ஆண்கள் மணல் குவியலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண்கள் இந்தப் பக்கம் நின்று சட்டிகளைக் கழுவினோம். பெண்களுக்கு ஆளுக்கொரு கலர் சோடா பாட்டில் வரும், அதைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்பா கை கால் கழுவி, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றார். கையில் எவர்சில்வர் டம்ளர்.

"வாடா சாமி" என்றார்.

தம்பி எழுந்து போனான். அப்பா ஊற்றினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் ஒரு கணம் எனக்கே மனசு தளர்ந்தது. தம்பியின் இரண்டு கைகளும் மரத்தடியில் நீண்ட மாதிரியே நீண்டன. டம்ளர் அவன் கைக்குப் போய்விட்டது. நான் கழுவின சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னொரு டம்ளரை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

"எனக்கும் இன்னைக்குத்தானுங்க மொதல் மோல்டிங்" என்றேன். "எனக்கும் ஊத்துங்க."

ஆட்கள் சிரித்தார்கள். அப்பாவும் முதலில் சிரித்தார். "அக்கட்டால போ புள்ள" என்றார்.

"நான் சட்டி தூக்குனனா இல்லீங்களா?"

"தூக்குன."

"அப்புறம் என்னங்க? புது ஆளுக்கு மேஸ்திரி ஊத்தணுமில்ல?"

சிரிப்பு நின்றது. வயதான ஓர் ஆள், "பொம்பளப் புள்ளைக்கு ஆகாது சாமி, ஒடம்புக்கு ஆகாது" என்றார் என்னிடம், நிஜமான அக்கறையோடு.

"ஒடம்புக்கு ஆகாதுன்னா என்ற தம்பிக்கு மட்டும் எப்படியுங்க ஆகும்?" என்றேன். அப்பாவைப் பார்த்தேன். "நல்லதுன்னா எனக்கும் ஊத்துங்கப்பா. ஆகாததுன்னா அவன் கையில இருக்கறத வாங்கிக்கங்க."

அப்பா பாட்டிலைப் பிடித்தபடி என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால், போடி என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், அதோடு நான் தோற்றிருப்பேன். அந்த நேரத்தில்தான் எனக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள். முழங்கை வரை சிமெண்ட் ஒட்டியிருந்தது. அவள் கையிலும் ஒரு டம்ளர் இருந்தது. நான் அவளிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை, சத்தியமாக.

"எனக்கும் ஊத்தலீங்களே" என்றாள் அப்பாவிடம். "என்ற தம்பிக்கு நீங்க ஊத்தறப்ப நானு சட்டி களுவிட்டு அங்க நின்னேன். பாத்துட்டேதான் நின்னேன்."

மாமாவைப் பற்றி அவள் அப்பாவிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டம்ளரை நீட்டியபடி நின்றாள், அவ்வளவுதான்.

தம்பி எங்கள் இருவரையும் பார்த்தான். வட்டத்தில் இருந்த எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பயந்தது இதற்குத்தான். ஆனால் இப்போது அவன் தனியாக இல்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, வாங்கின மாதிரியே மரியாதையாக, அப்பாவிடம் திருப்பி நீட்டினான்.

"அம்மாதானுங்கப்பா மூத்த ஆளு. அவங்களுக்கு ஊத்தாம நானு எப்படிக் குடிக்கறது?"

மேடம் சொல்லிக் கொடுத்த மாதிரி தலை நிமிரவும் இல்லை, உரக்கவும் இல்லை. ஆனால் சொல்லிவிட்டான். அப்பா அந்த டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அம்மாவுக்குக் கொடுக்கவும் முடியாமல், தான் குடிக்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதை ஒரு செங்கல் மேல் வைத்துவிட்டு, "சாமானெல்லாம் எடுத்து வண்டீல ஏத்துங்க" என்றார்.

மற்றவர்கள் குடித்தார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. செட்டில் இன்றைக்கும் மோல்டிங் அன்று பாட்டில் வருகிறது. ஆனால் புது ஆளை நடுவில் கூப்பிட்டு ஊற்றுகிற வழக்கத்தை அப்பா அதற்குப் பிறகு செய்யவில்லை. புதுப் பையன் வந்தால் அவனைக் கூப்பிட்டுத் தன் தலைத்துண்டை அவன் தலையில் கட்டிவிடுகிறார். அது அவராகக் கண்டுபிடித்தது, நான் கேட்கவில்லை. கல்லூரியில் சங்கமும் மாறியது. எந்தப் பையன் வீட்டில் கல்யாணம், எந்தப் பையன் இந்த வருஷம் தேர் இழுக்கிறான் என்று கேட்டுவைத்துக்கொண்டு, அவனோடு கூட நிற்க இரண்டு பேர் போனார்கள். பேச மாட்டார்கள், நிற்பார்கள். எனக்குப் பிறகு வந்தவர்களும் அதைத் தொடர்ந்தார்கள். சில இடத்தில் திட்டு வாங்கினோம். சில பையன்கள் எங்களை வைத்துக்கொண்டே குடித்தார்கள். மறுபடியும் போனோம். மேடமும் ஒருமுறை எங்களோடு வந்து நின்றார்.

மோல்டிங் முடிந்த மறுநாள் காலையில் நான் எழுந்தபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவர் எங்கள் யாரிடமும் பேசியிருக்கவில்லை. நான் கதவோரம் நின்றேன்.

"எங்கீங்க, இந்நேரத்துக்கே?" என்றாள் அம்மா.

"கொள்ளேகால் பஸ்ஸப் புடிச்சா மத்தியானத்துக்குள்ள ஊரு போயிரலாம்."

"ஊருலென்ன சோலி?"

அப்பா செருப்பு வாரை இரண்டு முறை கழற்றி மாட்டினார். "உன்ற தம்பியக் கூட்டியாறேன். இங்க பெரியாஸ்பத்திரியில காட்டலாம்."

"அவன் வர மாட்டானுங்க. உங்க மேல கோவமா இருப்பான்."

"இருக்கட்டும். ஊத்துனது நாந்தான. நாந்தான் போயிக் கூப்புடோணும்."

அம்மா உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சோற்றுப் பையை அப்பாவின் கையில் கொடுத்தாள். இரண்டு பேருக்குக் கட்டியிருந்தாள்.